நூறு கிலோ இலை, ஒரு கிலோ தைலம்

போன மாதம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் நீளக் குப்பி. மூடி துருப்பிடித்திருந்தது. லேபிள் எப்போதோ உரிந்துபோய் பசைத் தடம் மட்டும் மிச்சம்.

"இதே வாசத்துல ஒரு தைலம் குடு கண்ணு. ஊட்டித் தைலம். எங்க ஊட்டுக்காரரு மலைக்கு லாரி ஓட்டறப்ப கொண்டாந்தது."

கடையில் மூன்று கம்பெனியின் யூகலிப்டஸ் தைலம் இருந்தது. மூன்றையும் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றையும் மோந்துவிட்டு, அவசரப்படாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அவருடைய குப்பியை வாங்கித் திறந்து முகர்ந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் அந்த வாசனை என்னை நேராக நடுவட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் பிறந்தது நடுவட்டம் பக்கத்தில், ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில். 1964-இல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து கிளம்பி நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அப்பா மட்டும் தைலக் கொட்டகைக்குப் போனார். இருபத்திரண்டு வருடம் தைலம் காய்ச்சினார். அம்மாவைப் பெற்ற அம்மாயி அந்தக் கொட்டகைக்கு இலை பொறுக்கினாள்.

இந்தத் தைலத்தின் மரத்தைக் கடையில் எல்லோரும் யூகலிப்டஸ் என்கிறார்கள். எங்கள் ஊரில் அது கற்பூர மரம். சமவெளியில் தைல மரம் என்றும், புதுக்கோட்டைப் பக்கம் ஆர்.எஸ்.பதி என்றும் சொல்வது பெரும்பாலும் வேறு இனம். காகித ஆலைக்காக வளர்க்கும் மரம் அது. எங்கள் மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ், ஆங்கிலத்தில் புளூ கம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவுக்காரர்களின் மரம். 1792-இல் அந்தத் தீவில் இறங்கிய லபியார்டியேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் சேகரித்துப் பெயர் வைத்தது. இன்றைக்கும் டாஸ்மேனியா மாநிலத்தின் மலர் இதன் பூதான்.

இரண்டு மரத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்பவர்களிடம் நான் மொட்டைப் பார்க்கச் சொல்வேன். குளோபுலஸின் மொட்டு மற்ற இனங்களைப்போலக் கொத்துக்கொத்தாக இருக்காது. பெரும்பாலும் ஒற்றையாக, காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலெல்லாம் மருமருவாக, திருநீறு பூசியதுபோல வெண்நீலப் படிவு. தலையில் ஒரு மூடி. பூ விரியும்போது அந்த மூடி கழன்று விழ, உள்ளிருந்து வெள்ளை நூல்கள் பிரியும். யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே நன்றாக மூடப்பட்டது என்றுதான் பொருள். விழுந்த மூடிகளையும் காய்களையும் நாங்கள் பம்பரமாகச் சுற்றுவோம். யாருடையது அதிக நேரம் நிற்கிறது என்று பள்ளிக்கூட வாசலில் தினமும் பந்தயம் நடக்கும்.

இலையும் இரண்டு விதம். ஒரே மரத்தில் வந்தவை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். குட்டி மரத்திலும் வெட்டிய கட்டையின் துளிரிலும் வருவது வட்டமாக, காம்பில்லாமல், எதிரெதிராகச் சாம்பல் நீலத்தில் இருக்கும். தண்டு சதுரமாக இருக்கும். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டும். மரம் வளர வளர இலை நீண்டு அரிவாள்போல வளைந்து, கரும்பச்சையாகிக் கீழ்நோக்கித் தொங்கும். வெயிலுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டுவதால் கற்பூரத் தோப்புக்குள் நிழல் குறைவு.

அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் இலையைப் படிப்பாள். விடிந்ததும் சாக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். லீவு நாட்களில் நானும் பின்னாலேயே போவேன். விழுந்து கிடக்கும் இலையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அவளிடம் ஒரே விதிதான்.

"மடக்கிப் பாரு புள்ள. மடங்குனா சாக்குல போடு. நொறுங்குனா காட்டுக்கே விட்டுரு."

காய்ந்து முறுகிய இலையில் எண்ணெய் பறந்துபோயிருக்கும் என்பதை அவள் அப்படிச் சொன்னாள். ஒருநாள் ஒரு பச்சை இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். இலை முழுக்க ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள். "இதான் தைலம். இம்புட்டுதான்." ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ப் பை என்று பிறகு கல்லூரியில் படித்தபோது நுண்ணோக்கியில் பார்த்தேன். எனக்கு அது அதற்குள் தெரிந்த விஷயம்.

கொட்டகை என்றால் நான்கு கம்பமும் தகரக் கூரையும். ஓடைப் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பாத்திரம், அதற்கு அடியில் கல் அடுப்பு. அப்பாவும் இன்னொரு அண்ணனும் இலையைக் கொட்டி மிதித்து மிதித்து நிரப்புவார்கள். மூடியைப் போட்டு, சந்துகளைக் குழைத்த களிமண்ணால் அடைப்பார்கள். அடைப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் அன்றைய கூலி அந்த வழியே போய்விடும் என்பார் அப்பா. மூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கி, மறுபக்கம் ஒரு கேனில் முடியும். போன தடவை வெந்த இலையைக் காயவைத்து அதையே விறகாகப் போடுவார்கள்.

முதல் சொட்டுக்கு நாங்கள் காத்துக்கொண்டிருப்போம். குழாய் முனையில் வெறும் ஆவிதான் முதலில் வரும். அப்புறம் கலங்கலாக ஒரு தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கேனுக்குள் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும். கீழே தண்ணீர், மேலே மெல்லிய மஞ்சள் படலமாகத் தைலம். தைலம் தண்ணீரைவிட லேசு, தண்ணீரில் கரையவும் கரையாது. அப்பா அதைக் கரண்டியால் அலுங்காமல் வழித்து எடுப்பார். அந்த முதல் தைலத்துக்குப் பக்கத்தில் குனிந்தால் இருமல் வந்துவிடும். சீக்கிரம் ஆவியாகும் சில காரமான பொருள்கள் அதில் கூடுதலாக இருக்கும். மருந்துக்குப் போகும் எண்ணெயை மறுபடி வடித்து இவற்றை நீக்குவது அதனால்தான்.

தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல் 176 டிகிரியில்தான் கொதிக்கும். தண்ணீர் கொதிப்பது 100-இல். அப்படியிருக்க எப்படி வெளியே வருகிறது என்று கல்லூரி முதல் வருடத்தில் எனக்குப் பெரிய சந்தேகம். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "தனியா அதால வர முடியாது. தண்ணி ஆவியாப் போகுறப்ப அதையும் தோள்ல தூக்கிட்டுப் போகுது" என்றார். நீராவி வடிப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் கிடைத்தால் அன்று நல்ல நாள். மழைக்காலத்தில் அதுவும் தேறாது. குப்பியில் ஐம்பது மில்லி வாங்குகிறவர்களுக்கு நான் இதை மட்டும் சொல்ல ஆசைப்படுவேன். அந்தக் குப்பிக்குள் ஒரு பெண் முதுகில் சுமந்த ஐந்து கிலோ இலை இருக்கிறது.

இந்த எண்ணெயை முதலில் வியாபாரமாகக் காய்ச்சியவரும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான். ஜோசஃப் பொசிஸ்டோ என்று பெயர். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பர்னில் கடை வைத்தவர். மியுல்லர் என்ற தாவரவியலர் தூண்ட, 1850-களில் காய்ச்ச ஆரம்பித்தார். அவர் முதலில் எடுத்தது எங்கள் மரத்திலிருந்து அல்ல, வேறு யூகலிப்டஸ் இனத்திலிருந்து. எங்கள் மரத்து எண்ணெயை 1870-இல் க்ளோயெஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர் ஆராய்ந்து, அதன் முக்கியப் பொருளுக்கு யூகலிப்டால் என்று பெயர் வைத்தார். சினியோல் என்பதும் அதேதான். மருந்துத் தரத்துக்கு அது குறைந்தது 70 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தர நூல்.

நீலகிரிக்கு மரம் வந்த கதை வேறு. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய பிறகு குளிருக்கு எரிக்க விறகு போதவில்லை. சோலைக் காடுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. 1843-இல் கேப்டன் காட்டன் என்ற அதிகாரி இந்த மரத்தைக் கொண்டுவந்தார். 1856 முதல் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம், பத்து வருடத்தில் விறகு. அவர்களுக்கு அது பெரிய வரமாகத் தெரிந்திருக்கும். பிற்பாடு ரேயான் நூலுக்கான கூழுக்கும் இதே மரம் லாரி லாரியாகச் சமவெளிக்கு இறங்கியது. அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் ஓட்டிய லாரியும் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் இதைக் காய்ச்சல் மரம் என்றார்கள். இதன் வாசனை மலேரியாவை விரட்டும் என்று நம்பி ரோம் நகரத்துப் பக்கம் ட்ரே ஃபொன்தானே மடத்துத் துறவிகள் வரிசை வரிசையாக நட்டார்கள். வாசனைக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இல்லை. சதுப்பு நிலத்துத் தண்ணீரை உறிஞ்சியதால் கொசு குறைந்திருந்தால் உண்டு. மலேரியாவுக்கான மெய்யான மருந்து மரம் சின்கோனா. அதன் பட்டையிலிருந்து கொயினா மருந்தை எங்கள் நடுவட்டத்திலும் எடுத்தார்கள். இரண்டு மரமும் ஒரே ஊரில் நிற்கின்றன என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த உறிஞ்சும் குணம்தான் எங்கள் மலைக்குக் கேடாக வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதினேன் என்று ஆகாது. நடுவட்டத்திலிருந்து கிளென்மார்கன் அதிக தூரமில்லை. மத்திய மண், நீர்வள ஆய்வு நிலையத்தின் ஊட்டி மையம் அங்கே 1970-களில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து ஆய்வு செய்தது. ஒன்றில் புல்வெளியும் சோலையும் அப்படியே இருக்க, மற்றதில் பாதிக்குமேல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் கற்பூர மரம் நட்ட பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம். கொட்டகைப் பக்கத்து ஓடை சித்திரையில் வற்றியபோதெல்லாம் அம்மாயி மரத்தைப் பார்த்து, "நீதான் குடிச்சிட்ட" என்பாள். எங்களுக்குச் சோறு போட்ட மரம் அது. ஆனாலும் புல்வெளியும் சோலையும் இருந்த இடத்தில் அவை திரும்ப வரவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காகக் காட்டில் இந்த அயல் மரங்களை எடுக்கிறார்கள் என்றால் நான் அவர்கள் பக்கம். இலை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு வேறு வேலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, தைலத்துக்கு வருகிறேன். கடையில் தினமும் கேட்கும் கேள்விகள் இவை.

ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதுதான் முதல் உபயோகம். இரண்டு மூன்று சொட்டு போதும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்த பிறகு விடுங்கள். எரியும் அடுப்பின்மேல் விட வேண்டாம், தைலம் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூக்கு திறந்ததுபோல இருப்பதில் ஒரு பங்கு, மூக்குக்குள் குளிரை உணரும் நரம்பைச் சினியோல் தொடுவதால் வருவது. சுகம் நிஜம், ஆனால் அது கிருமியைக் கொல்வதில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஒரு நாளைக்கு ஆறு முறை ஆவி பிடிப்பதாகச் சொல்லி எங்கள் கடையிலேயே தைலம் வாங்கிப் போனார்கள். அதில் ஒருவர் கொதிநீர் தொடையில் கவிழ்ந்து புண்ணுக்கு மருந்து கேட்டு அடுத்த வாரம் வந்தார்.

மூட்டுவலி, தசைப்பிடிப்புக்குத் தேய்ப்பவர்கள் நேரடியாகத் தேய்க்காதீர்கள். முப்பது மில்லி தேங்காயெண்ணெயில் பன்னிரண்டு சொட்டு. நல்லெண்ணெயிலும் கலக்கலாம். அப்பா தோள் வலிக்கு இப்படித்தான் போடுவார்.

வீட்டு வேலைக்கும் இது கெட்டிக்காரத் தைலம். டப்பாவில் ஒட்டிய லேபிள் பசை, துணியில் அப்பிய சூயிங்கம், கையில் பலாப்பிசின் எல்லாம் ஒரு சொட்டில் விட்டுப்போகும். அதே குணத்தால் தெர்மாகோலையும் கரைக்கும். ஒருமுறை தெர்மாகோல் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடி சுருங்கி, ஓட்டை விழுந்து, மேஜையெல்லாம் தைலம். கண்ணாடிக் குப்பியில் மட்டும் வையுங்கள்.

அப்புறம், கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று. என் மூத்தவன் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது சளி பிடித்து இரவெல்லாம் மூக்கடைப்பு. ஊரிலிருந்து வந்த தைலத்தில் விரலைத் தொட்டு அவன் மூக்குக்குக் கீழே லேசாகத் தடவினேன். மருந்தாளுநர் படிப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் தடவியதுதானே என்று கை தானாகப் போய்விட்டது. ஒரு நொடியில் அவனுக்கு மூச்சு நின்றது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, முகம் சிவந்து நீலம் ஏறுகிறது. அப்பா அவனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் காற்றில் பிடித்தார். வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. டாக்டரிடம் காட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த சில நொடிகள் இன்னும் என் கையில் நடுங்குகின்றன.

அதனால் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் முகத்தில், மூக்கில், நெஞ்சில் தைலம் வேண்டவே வேண்டாம். எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்தால்கூட வலிப்பும் மயக்கமும் வரலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பெரியவர்களும் சளிக்கு என்று வெந்நீரில் விட்டுக் குடிக்கக் கூடாது. ஜெர்மனியில் சினியோல் கேப்சூலாகக் கிடைக்கிறது, அது அளந்து செய்த மருந்து, குப்பித் தைலம் வேறு. வலிப்பு நோய் உள்ளவர்கள் இதை முகர்வதையே தவிர்ப்பது நல்லது. முகர்ந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கும் இந்த நெடி ஒத்துக்கொள்ளாது.

கொசுவுக்கு நல்லதா என்பார்கள். கொசுவுக்குப் பேர் பெற்றது எலுமிச்சை வாசனையுள்ள வேறு மரம், வழவழவென்று வெளுத்த பட்டையோடு நிற்கும் சிட்ரியோடோரா. அதில் இருப்பது சிட்ரோனெல்லால், சினியோல் அல்ல. குப்பியில் யூகலிப்டஸ் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த இனம் என்று பார்த்து வாங்குங்கள்.

கலப்படம் பற்றியும் கேட்பார்கள். அப்பாவின் சோதனை எளிது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைக்கவேண்டும். நல்ல தைலம் பறந்துபோய்த் தாள் பழையபடி ஆகிவிடும். தேங்காயெண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருந்தால் பிசுக்கு வட்டம் நிற்கும். ஆனால் டர்பன்டைன் கலந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் பறந்துவிடும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், அல்லது அப்பாவின் மூக்கு வேண்டும்.

அந்தப் பாட்டியை அன்று உட்காரச் சொல்லிவிட்டு, என் கைப்பையில் இருந்த சின்னக் குப்பியைத் திறந்து நீட்டினேன். போன பொங்கலுக்கு அப்பா கொடுத்தனுப்பியது. அவர் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் மாத்திரைச் சீட்டோடு நின்றார்கள், அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதேதான் கண்ணு."

என்னிடம் இருந்தது கொஞ்சம்தான், அதைக் கொடுக்க வந்தேன். வாங்க மறுத்துவிட்டார். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நிரப்பிக்கொண்டு வா என்று தன் குப்பியை என்னிடமே விட்டுப்போனார். காசை அப்போதே எடுத்தார், வேண்டாம் என்றேன். படி இறங்கும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னார்.

"கழுவிப் போடாத."

கழுவவில்லை. துருப்பிடித்த மூடியின்மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடியில்லாமல் இருந்தால் அவருடைய வாசனை போய்விடும். சித்திரையில் ஊருக்குப் போகிறேன்.